கடைசி அத்தியாயம் இங்கே செய்து தரப்படும்

அந்த வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அத்தை டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி பார்த்தபடி அழுதாள். என்ன என்று கேட்டால் வெங்காயம் என்றாள். வெங்காயம் இருந்தது டி.வி.க்குள்ளே. அப்பா கீழே கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குனிந்து, பேப்பர் சிக்கிக்கொண்ட மாதிரி பாவனை செய்துகொண்டு அழுதார். அன்றைக்கு மெஷின் ஓடவே இல்லை.

இந்தக் கூத்தையெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து ஒருத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் ஒரே பெண், வயது பதினைந்து. பிறந்ததிலிருந்து காதருகே நொய் நொய் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு வீட்டில் கொசு என்று பெயர். இந்த இரண்டு வருடத்தில் முன்பின் தெரியாதவர்களின் ரத்தம் பாட்டில் பாட்டிலாக அவளுக்குள் இறங்கியிருந்தது. "இப்பத்தான் பேருக்கு ஏத்த பொழப்பு பொழைக்கிறேன்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அம்மா அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

ரத்தப் புற்றுநோய். இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வீட்டில் ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "அது" என்பார்கள். "அவ உடம்பு" என்பார்கள். அத்தை ஒரு தடவை "அந்தச் சனியன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாவலைக் கொண்டுவந்து கொடுத்தவள் கொசுவின் சிநேகிதி. நல்ல உயரம், உடம்பில் சதை என்று பேருக்குக்கூடக் கிடையாது, அதனால் ஒட்டடைக்குச்சி. "படிடி. ஆனா அழுவே, சொல்லிட்டேன்" என்று கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். பெரிய கதை ஒன்றும் இல்லை. இருதயம் பழுதான ஒரு பதினாறு வயதுப் பெண், பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறாள். ஓடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு, அவள் கேட்டால்தானே? பையன் சரியான பயந்தாங்கொள்ளி. 'பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு பொய் சொல்லிக்கிட்டே விட்டுடாதே. விடும்போது சொல்லிட்டு விடு' என்று அவளிடம் சத்தியம் வாங்குகிறான். கடைசி அத்தியாயத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். 'இப்ப விடறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் விடுகிறாள். அதற்கப்புறம் ஒரே ஒரு பக்கம். அவன் தனியாக மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கி வருகிறான்.

கொசு அதை ஒரே மூச்சில் முடித்தாள். தலையணை நனைய அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, இத்தனை மாதமாக இல்லாத அதிசயமாகத் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். வேறு ஒருத்திக்காக அழுவது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். எதைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். செய்தித்தாள், மருந்துச் சீட்டு, மகளின் பரீட்சைத்தாள், எல்லாமே அப்படித்தான். நாவலையும் அப்படியே புரட்டினாள். அடுத்த நிமிஷம் அதைக் கொண்டுபோய், யாரும் தொடாத பழைய பெரிய குக்கருக்குள் போட்டு மூடிவிட்டாள். மறுநாள் குக்கரைத் திறந்து அத்தை படித்தாள். அதற்கு மறுநாள் அப்பா. ஒவ்வொருவரும் அதைத் திரும்பக் குக்கருக்குள் வைத்துவிட்டு, தனக்கு மட்டும்தான் அந்த ரகசியம் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்திருந்தது. கொசுவின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கொசுவை அத்தையோடு வெளியே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெளியே வந்த அப்பா காதுவரை சிரித்தார். "எல்லாம் சூப்பர்!" என்றார். அப்பா வாழ்நாளில் எதையும் சூப்பர் என்று சொன்னவர் இல்லை. அவர் உச்சபட்சப் பாராட்டே "பரவால்ல"தான்.

அம்மாவிடம் கேட்டாள், சூப்பர். அத்தையிடம் கேட்டாள், "உனக்கென்னடி கண்ணு, சூப்பர்!" மூன்று பேரும் சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். கொசுவுக்குக் கோபம் கோபமாக வந்தது. என் எலும்பு, என் ஊசி, என் வலி. முடிவு மட்டும் இவர்களுக்கா?

நேராகக் கேட்டால் நேராகப் பொய் சொல்வார்கள். சரி, சுற்றிவளைத்துப் பிடிப்போம் என்று முடிவு செய்தாள். நாவலில் வரும் பெண் செத்துப்போகிறாள் என்று இவர்களில் ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லட்டும். அப்படிச் சொல்கிறவரிடம் தன் விஷயத்தைக் கேட்கலாம். அச்சில் இருப்பதையே சொல்லத் துப்பில்லாதவர்கள், டாக்டர் சொன்னதை எங்கே சொல்லப்போகிறார்கள்?

"அம்மா, அந்தச் சைக்கிள் கதை புக்கைக் காணோமே. பாதிதான் படிச்சேன். அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சாம்?"

"எந்த புக்கு? எந்தப் பொண்ணு? நான் எங்க படிச்சேன்?" என்று அம்மா கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். "ஆனா நல்லாதான் ஆயிருப்பா. வேளாவேளைக்கு மாத்திரை போட்டா எல்லாம் சரியாயிடும்."

அத்தை இன்னும் ஒருபடி மேலே போனாள். "அந்தப் பையனையே கட்டிக்கிட்டாடி. இரட்டைக் குழந்தை!"

"பதினாறு வயசுலயா?"

"அப்புறமாடி! எல்லாம் அப்புறமாத்தான்!"

அப்பாவிடம் போனாள். அப்பா கத்தரிக்கோலைத் தேடினார், கையிலேயே இருந்தது. "முடிவுதானே? பரவால்ல... இல்லல்ல, சூப்பர்! சுபம்!"

"அப்ப புக்கைக் கொடு. நானே படிச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமை திருப்பித் தரணும்."

அங்கேதான் மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள். வேறு குடும்பமாக இருந்தால் புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். இந்தக் குடும்பத்துக்குத் தொழில் வேறு மாதிரி. மாடியில் வீடு, கீழே கடை. அம்மா தட்டச்சு, அப்பா பைண்டிங், அத்தை ஜெராக்ஸும் லேமினேஷனும். கிழிந்து வருவதை ஒட்டுவார்கள், விட்டுப்போன பக்கத்தை அடித்துச் சேர்ப்பார்கள், தப்பாக வந்ததைப் பிரித்துச் சரியாகக் கோப்பார்கள். ஒரு புத்தகத்தின் முடிவு சரியில்லை என்றால் அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

மறுநாள் பட்டப்பகலில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கொசுவுக்குக் கீழேயிருந்து அம்மாவின் விசைப்பலகை படபடவென்று ஓடும் சத்தம் கேட்டது. நடுநடுவே சண்டை.

"அண்ணா, ஒரு கல்யாணம் வச்சாத்தான் முடிவு முடிவா இருக்கும்!"

"உன் சீரியலையெல்லாம் இதுல கொண்டுவராதே!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? எனக்குக் கையே ஓடல" என்றது அம்மாவின் குரல். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அதற்கப்புறம் டீத்தூள் வாசனை. எதற்கு டீ என்று கொசுவுக்கு முதலில் விளங்கவில்லை.

சாயங்காலம் புத்தகம் வந்தது. அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுவந்து கொடுத்தார். "குக்... அலமாரிக்குப் பின்னாடி விழுந்திருக்கு" என்றார். பசை வாசனை ஆளைத் தூக்கியது. கடைசி அத்தியாயத்தின் தாள்கள் மட்டும், பழசாகத் தெரியட்டும் என்று டீயில் நனைத்துக் காயவைத்ததில் பழுப்பேறி, அப்பளமாக நெளிந்து நின்றன. கொசு ஒன்றும் தெரியாத பாப்பாவாக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் உக்காருங்க. சத்தமாப் படிக்கிறேன்."

"எதுக்குச் சத்தமா? மனசுக்குள்ள படி, மூச்சு வாங்கப்போகுது" என்றாள் அம்மா.

"உக்காருங்க."

மூவரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொசு எதிரே கட்டிலில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கடந்த இரண்டு ஆண்டுகளாக இருதய நோயால் அவதிப்பட்டு வந்த மேற்படி பெண், தகுந்த சிகிச்சைக்குப் பின் பூரண குணமடைந்து, தற்போது நலமுடன் உள்ளார் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

அப்பா விட்டத்தைப் பார்த்தார். நாள் முழுக்க மனுவும் சான்றிதழும் அடித்துக்கொடுக்கிற கடையில் வேறு எந்த மாதிரி இலக்கியம் பிறக்கும்?

"அன்று முதல் அவள் வெந்நீர் மட்டுமே குடித்தாள். தலை குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்பதை அறவே நிறுத்தினாள். செல்போனைப் படுக்கைக்கு எடுத்துச் செல்லவில்லை. தாய் சொல்லைத் தட்டாமல் இரண்டு வேளையும் பால் குடித்ததால் அவள் எடை நன்றாகக் கூடியது." கொசு தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பில் இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போது பயங்கரமாக இடி இடித்தது! கதவைத் திறந்துகொண்டு டாக்டர் உள்ளே வந்தார். 'மகளே, நான் வெறும் டாக்டர் அல்ல. சிறுவயதில் காணாமல் போன உன் சொந்தத் தாய்மாமன்!' என்றார். பையன் விமானி ஆனான்."

"சைக்கிளே ஓட்டத் தெரியாதவன் விமானி ஆயிட்டானா அத்தே?"

"முயற்சி பண்ணா முடியாதது என்னடி இருக்கு?" என்றாள் அத்தை ரோஷமாக. பிறகுதான் தான் உளறியது புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொசு விடவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதே உருக்கமான குரலில் படித்தாள். "இருவரும் மேட்டின் மீது நின்று சூரியனைப் பார்த்தார்கள். அவள் புன்னகைத்தாள். சுபம். தட்டச்சு, நகல், பைண்டிங், லேமினேஷன் குறைந்த விலையில் இங்கே செய்து தரப்படும். மாணவர்களுக்குச் சலுகை உண்டு."

அப்பா பளாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைக் கம்ப்யூட்டரில் எதை அடித்தாலும் கடைசித் தாளின் அடியில் அந்த விளம்பர வரி தானாக வந்து உட்காரும்படி செய்துவைத்திருந்தவர் அவர்தான். அந்த ஏற்பாட்டில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஒருவருடைய ராஜினாமாக் கடிதத்திலேயே அது அச்சாகி, அவர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த வரியை எடுப்பது அம்மாவின் வேலை.

"எடுக்க மாட்டியா?" என்றார் அப்பா தீனமாக.

"கண்ணுல தண்ணியோட எனக்கு எங்கங்க தெரிஞ்சுது?" என்றாள் அம்மா. சொல்லி முடிக்கவும் அவளுக்கே களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்குத் தொற்றிக்கொண்டது. அப்பா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கொசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உருண்டாள். நால்வரும் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் அம்மாவின் கண்ணில் மட்டும் நீர் நிற்கவில்லை.

கொசு எழுந்து உட்கார்ந்தாள்.

"இதை நான் முன்னாடியே முழுசாப் படிச்சுட்டேம்மா. நீ குக்கர்ல ஒளிச்சு வைக்கிறதுக்கு முன்னாடியே."

"குக்கர்லயா? உனக்கு எப்படி..." என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ செத்துப்போயிடறா. தெரியும். நல்லா அழுதேன். அழுதுட்டு நாலு சப்பாத்தி சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல." கொசு புத்தகத்தை மூடிவைத்தாள். "அவ சாகறதுல எனக்குப் பயம் வரலப்பா. அவ அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டு விட்டா. நீங்க மூணு பேரும் பிடிச்சிருக்கோம் பிடிச்சிருக்கோம்னு கத்திக்கிட்டே இருக்கீங்க. எனக்கு அதுலதான் பயமா இருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"சூப்பர்னு யாராவது சொன்னீங்க, கடிச்சுடுவேன்."

அப்பாதான் எழுந்து வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பசை காய்ந்த விரல்களைப் பிசைந்தபடி இருந்தார்.

"திரும்பி வந்திருக்கு, கொசு."

"புற்றுநோயா?"

அந்த வார்த்தை அந்த அறையில் அதற்குமுன் கேட்டதில்லை. அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கூரை இடிந்து விழவில்லை.

"ஆமா. புற்றுநோய். முதல்ல மறுபடி அந்த மருந்து ஏத்தணும். அப்புறம் மஜ்ஜை மாத்தணும்னு சொன்னார். என்னோடது உனக்குப் பாதி பொருந்துதாம். அது போதுமாம்."

"சரியாயிடுமா?"

அப்பாவின் வாய் 'ஆயிடும்' என்று திறந்தது. அப்படியே நின்றது.

"தெரியலம்மா" என்றார். "டாக்டருக்கும் தெரியல. ஆகலாம், ஆகாமலும் போகலாம்னார். நாங்க ரொம்பப் பயந்துபோயிருக்கோம்."

கொசு அழுதாள். இந்தத் தடவை தனக்காகவே அழுதாள், வாய்விட்டு அழுதாள். அழாதே என்று யாரும் சொல்லவில்லை. அம்மா வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள், அத்தை காலைப் பிடித்துக்கொண்டாள். பயம் அப்படியே இருந்தது, ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. ஆனால் இப்போது அதை அவள் மட்டும் சுமக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"உன் மஜ்ஜை எனக்குள்ள வந்தா, என் அடியிலயும் 'மாணவர்களுக்குச் சலுகை உண்டு'ன்னு அச்சாயிடுமா?"

"வாய் இருக்கு பாரு வாய்!" என்று அத்தை அவள் காலில் ஒன்று வைத்தாள். அப்பா சிரித்துக்கொண்டே அழுதார். மறைத்துக்கொள்ள மெஷின் எதையும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டடைக்குச்சி வந்தாள். பிரித்தெடுத்த அசல் அத்தியாயத்தை அத்தை தூக்கிப்போடவில்லை, தலையணைக்கடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதை மறுபடி கோத்துத் தைத்துக் கொடுத்தார். டீக்கறை படிந்த அத்தியாயத்தையும் அதற்குப் பின்னால் சேர்த்துத் தைக்கச் சொன்னது கொசு. அன்று ராத்திரியே ஒட்டடைக்குச்சி போன் செய்தாள். "எருமை! முதல் முடிவுக்கு அழுதுட்டிருந்தேன். ரெண்டாவது முடிவைப் படிச்சுக் கட்டில்ல இருந்து விழுந்துட்டேன். அந்தத் தாய்மாமனை எழுதினது யாருடி?"

மருந்து ஏற்றிய மாதங்களைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. கொசுவே அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, எல்லோரையும் கண்டபடி திட்டினாள். ஒவ்வொரு சோதனை முடிவையும் டாக்டர் அவளை உட்காரவைத்துத்தான் சொன்னார். நல்ல முடிவுக்கு அப்பா "பரவால்ல" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் கொசுவுக்குத் தெம்பு வந்தது.

மஜ்ஜை மாற்றுவதற்கான தனி அறையில் அவளைச் சேர்க்கிற நாள் வந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அறை. கூட இருக்க ஒருத்தருக்குத்தான் அனுமதி, அது அம்மா. அவள் கைகால் கழுவி, ஆஸ்பத்திரி உடுப்பு மாட்டிக்கொண்டு முன்னாலேயே உள்ளே போய்விட்டாள். அத்தை லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டாள். அதற்கு மேல் வந்தால் தன் கதையில் வந்த மாதிரி இடி இடிக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். சக்கர நாற்காலியில் மொட்டைத் தலையும் முகமூடியுமாகக் கொசு. பின்னால் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு அப்பா.

நீளமான தாழ்வாரம். அப்பா ரொம்ப மெதுவாகத் தள்ளினார்.

"இந்த வேகத்துல போனா எனக்கு முடி முளைச்சிடும்ப்பா."

"சும்மா இரு. சக்கரம் சரியில்ல."

சக்கரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கதவருகே நர்ஸ் காத்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு மேல நான் பார்த்துக்கறேன் சார்" என்று கையை நீட்டினாள்.

நாற்காலி நின்றது. ஆனால் நர்ஸின் கை அங்கேயே காத்திருந்தது. கொசு திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் கை இன்னும் கைப்பிடியிலேயே இருப்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

"கொசு."

"ம்."

"இப்ப விடறேன்."

"சரிப்பா. விடு."

அவர் விட்டார். கதவு திறந்தது. கொசு உள்ளே போனாள்.